ஒரு கால் பூட்ஸ்

எங்கள் ஊரில் மழை வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வோம். இங்கே மலேசியாவில், கேமரன் மலையில் மழை வந்தால் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள். எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது என்னை அதிகம் திகைக்க வைத்தது அந்தப் பூட்ஸ்தான். சேற்றில் காலே படாமல் சேற்றுக்குள் வாழ்கிற சனங்களை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள் போலிருக்கிறது. வருடக்கணக்காகக் கூடவே கொழுந்து பறித்தும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு நான் ‘ஊர்க்காரி’தான், இந்தியாவிலிருந்து வந்தவள். செல்லம்மா என்று எனக்கொரு பெயர் இருப்பது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும் போல.

தோட்டத்தில் வருடாவருடம் விளையாட்டு விழா நடக்கும். அதில் பெண்கள் பந்தயம்தான் பெரிய பேச்சு. முதுகில் கொழுந்து நிறைந்த கூடையோடு சரிவில் இறங்கி, மரக்கட்டைகளைத் தாண்டி, கடைசியில் சேற்றுக்குழியைக் கடந்து தராசுக்குப் போய்ச் சேரவேண்டும். கூடை கவிழ்ந்தால் ஓடியதெல்லாம் வீண். தோட்டத்தின் மேல் பிரிவிலிருந்து ஒருத்தி, கீழ்ப் பிரிவிலிருந்து ஒருத்தி ஓடுவார்கள். போன முறை எங்கள் மேல் பிரிவுக்காக ஓடிய மாரியாயி அக்கா குழியில் சிக்கித் தோற்றார். அதிலிருந்து ரிங்லெட் கடைத்தெருவில் எங்களைக் கண்டாலே கீழ்ப் பிரிவுக்காரிகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டதால் இந்த முறை வேறு ஆள் தேடினார். நானே போய் நின்றேன்.

“நான் ஓடுறேன்க்கா. தஞ்சாவூர்ப் பக்கம் நாத்து நட்ட காலு இது. சேறு எனக்கு அம்மா வீடு.”

“பேச்சு நல்லாத்தான் இருக்குலா, ஊர்க்காரி. ஓடிக் காட்டு, பாப்போம்,” என்றார் அக்கா, இந்த ஊர் ‘லா’வோடு.

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு சரிவில் ஓடினேன். நாலு எட்டுகூட வைத்திருக்கமாட்டேன், கூடை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கள் வயல் சேறு காலை வாங்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த மலையின் செம்மண் சேறு மிதித்தவளைத் தள்ளிவிடும். சேறென்றால் எல்லாம் ஒரே சேறு என்று நினைத்தது என் புத்தி.

“அம்மா வீட்டுக்கு இவ்ளோ சீக்கிரமா போயிட்டியே!” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ரோஷம்தான் வந்தது. அன்றிலிருந்து சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டு முடித்ததும் பூட்ஸோடு சரிவில் இறங்கிப் பழகினேன். மலைப் பக்கம் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, பக்கவாட்டில் இறங்கவேண்டும். இடுப்பு விட்டுப்போகும். லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர், “உனக்கு எதுக்கு இந்த வேல?” என்று சலித்துக்கொண்டார்.

“பேர் சொல்லிக் கூப்பிடணும். அதுக்குத்தான்,” என்றேன்.

ஒருநாள் அவர் அணை ஏரியிலிருந்து வண்டலை அள்ளி லோரியில் கொண்டுவந்தார். பந்தயக் குழிக்குள் அதைத்தான் கொட்டப்போகிறார்களாம். கையை விட்டுப் பார்த்தேன். கல்லே இல்லாத கறுப்புச் சேறு. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இதில் பூட்ஸ் இறங்கினால் புதைந்துகொள்ளும், வெறுங்கால்தான் மீளும். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“பூட்ஸ் இல்லாம இங்க யாரும் ஓடுனது இல்லலா. மானத்த வாங்கிடாத,” என்றார்.

நான் விடவில்லை. கீழே ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்த பாத்தி ஒன்றில் வெறுங்காலோடு நடந்து பழகினேன். அந்த மனிதர் மண்வெட்டியோடு ஓடிவந்து, என்ன தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார். எனக்கு அப்போது பதில் சொல்லுமளவுக்கு மலாய் வராது. காலைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குள் போய்த் தைலப் புட்டியோடு வந்து, தேய்த்துக்கொள் என்று சைகை காட்டினார். நல்ல மனிதர். அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் வலிக்காத காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

பந்தயத்தன்று காலையிலிருந்தே தூறல். சரிவில் பூட்ஸ் என்னைக் காப்பாற்றியது. ஆனால் கட்டைகளைத் தாண்டும்போது கீழ்ப் பிரிவுக்காரி முந்திவிட்டாள். குழியோரம் ஒரு பூட்ஸைக் கழற்றி எறிந்தேன். இன்னொன்று ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நேரமில்லை, அப்படியே இறங்கினேன். நடுக்குழியில் அவள் இரண்டு பூட்ஸும் புதைந்து நின்றாள். என் வெறுங்கால் நாற்றங்கால் நடையைத் தானாகக் கண்டுபிடித்தது. குதிகாலை முதலில் எடுத்து, விரலைக் கடைசியில் உருவும் நடை. பூட்ஸ் காலை அந்தக் காலின் பலத்தில் இழுத்து இழுத்துப் போனேன்.

“செல்லம்மா! கூட சாயுது! நிமிந்து போ, செல்லம்மா!”

மாரியாயி அக்காவின் குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடை கவிழாமல் அவளுக்கு முன்னால் தராசைத் தொட்டேன்.

சுற்றி நின்று எல்லாரும் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். ஒரு கால் முழங்கால்வரை கறுத்துக் கிடந்தது, இன்னொன்று செம்மண் அப்பிய பூட்ஸுக்குள் இருந்தது. அக்கா கீழே குனிந்தார்.

“காலக் குடு செல்லம்மா, இதையும் கழட்டி விடுறேன்.”

“இருக்கட்டும்க்கா,” என்றேன்.

மழை வலுத்தது. ஊர்க் கால் ஒன்று, மலைக் கால் ஒன்று என்று நான் அப்படியே நின்றேன்.