விண்வெளி வீரரின் சாரதி

பெரிய மனிதர்களுக்குக் கார் ஓட்டுகிறவன் வீதியைவிடப் பின் சீட்டின் முகத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும் என்பது, என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சாரதிகளுக்குத் தெரியாததல்ல.

எனக்கு வாய்த்தவர் பழைய சோவியத் விண்வெளி வீரர், பௌதிக விஞ்ஞானியும்கூட. இப்போது ஜெர்மனியில், ஹனோவர் நகரில் மகளோடு இருக்கிறார். பேசக் கூப்பிடும் ஊர்களுக்கெல்லாம் அவரைக் கொண்டுபோவது என் வேலை.

முதல் கேள்வி

அண்டவெளிக் கதிர்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. அதற்காகத்தான் மேலேயே போனார். ஒரு நூலகத்தில் அதைப் பற்றி உருகி உருகிப் பேசினார். கேள்வி நேரம் வந்ததும் சபை முழுக்கக் கைகள். கோட் போட்ட ஒருவர் முதலில் எழுந்து, "அங்கே கழிவறைக்கு எப்படிப் போவீர்கள்?" என்றார். மற்றக் கைகள் எல்லாம் உடனே இறங்கிவிட்டன.

காரில் ஏறியதும் பெருமூச்சு விட்டார். "பூமியைச் சுற்றி வந்தவனிடம் வழி கேட்கிறார்கள், கழிவறைக்கு!"

தலைச்சுற்று

ஒருநாள் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு "மெதுவாக, மெதுவாக" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முகம் வெளிறிவிட்டது. "நீங்கள் ராக்கெட்டிலேயே போனவர் அல்லவா?" என்றேன்.

"அதை நீங்கள் ஓட்டவில்லையே."

கெல்சென்கிர்ச்சன்

போன இடமெல்லாம் கழிவறைதான். மனிதர் வெறுத்துப்போனார். "அடுத்த கூட்டத்திலாவது ஒருவர் பௌதிகம் கேட்க வேண்டும். இல்லையென்றால் அதோடு பேசுவதை நிறுத்திவிடுவேன்" என்றார். எனக்கு வேலை போய்விடும் என்பது ஒருபுறம். அவர் இல்லாத காரை நினைக்கவே கவலையாக இருந்தது.

அடுத்த கூட்டம் கெல்சென்கிர்ச்சன் நகரில், நம்முடைய தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழா. ஏற்பாடு செய்தவனும் நான்தான். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பரதநாட்டியம், பொன்னாடை எல்லாம் முடிந்து அவர் கைக்கு மைக் வந்தபோது, சாப்பாட்டு வாசனையும் வந்துவிட்டது. வணக்கம் சொல்லத்தான் நேரமிருந்தது. ஒரேயொரு கேள்வி என்றார்கள். முன்வரிசை அக்கா ஒருவர் எழும்பினார். கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயா, விண்வெளிக்குப் போனதை விடுங்கோ. பௌதிகத்தை எப்பிடிப் படிச்சனீங்கள்? என்ர மகளுக்கு மண்டைக்குள்ள ஏறுதேயில்லை. ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ."

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் அவர் வெண்பலகையைத் தேடத் தொடங்கிவிட்டார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் நான் கண்டதேயில்லை. ஒன்று முடிய அடுத்த பெற்றோர், அவர் முடிய இன்னொருவர். சமையலுக்குப் பொறுப்பானவர் வந்து என் காதைக் கடித்தார்.

"அண்ணை, விண்வெளியில இருந்து இறங்கினவருக்கு மேடையால இறங்க ஏலாதாமோ? சோறு ஆறுது!"

ஆக, விண்வெளி வீரருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த நான், இப்போது சனிக்கிழமை தோறும் ஒரு பௌதிக டியூஷன் வாத்தியாருக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.