என் பெயரில் வேலை பார்த்தவன்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். ஊர் ஊராகச் சுற்றி, கிடைத்த வேலையைப் பார்த்து வந்த எனக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை அமைந்தது. தெரிந்த லாரி டிரைவர் ஒருவர், "சுருட்டைத் தலைக்காரன் ஒருத்தன் வருவான், நம்ம பய" என்று போர்மேனிடம் பெயரையும் ஊரையும் சொல்லி வைத்திருந்தார்.

சேருமுன் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட வேண்டும் என்பது அம்மாவின் நேர்த்திக்கடன். சாத்தூரிலிருந்து நடக்கையில் என் வயதுள்ள ஒருவன் சேர்ந்துகொண்டான். அவனுக்கும் சுருட்டை முடி. கட்டுச்சோற்றைப் பகிர்ந்து தின்றோம். பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷத்தில் என் பெயர், தகப்பனார் பெயர், வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர், போகப்போகும் வேலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மொட்டை போட்டு, ஆற்றில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் பிரசாதம் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துக் கம்பெனி வாசலில் நின்றேன். பெயரைச் சொன்னதும் போர்மேன் சிரித்தார்.

"அவன் வந்து வேலை பாத்துக்கிட்டிருக்கான். சுருட்டைத் தலைக்காரன்னுல்ல சொன்னாக. நீ யாருலே, தேங்கா மாதிரி தலைய வச்சுக்கிட்டு?"

"முடிய மாரியாத்தாளுக்குக் குடுத்துட்டேன் அண்ணாச்சி."

"பேரை எவனுக்குலே குடுத்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய டிரைவர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். அவனைக் கூப்பிடுங்கள் என்று வெயிலிலேயே நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் வந்தான், வழியில் என்னோடு கட்டுச்சோறு தின்ற அதே ஆள். போர்மேன் கேட்டதற்கெல்லாம், என் தகப்பனார் பெயர்வரை, தட்டாமல் பதில் சொன்னான். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தானே!

அவன் கையெல்லாம் வெடிமருந்துப் பொடி. மருந்து கலக்கும் அறையில் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. தீப்பிடித்தால் முதலில் போகும் இடம். வேலை எனக்கு மறந்தே போயிற்று.

"ஏலே, வேலைய நீயே வச்சுக்க. நாளைக்கு உள்ள வெடிச்சு நீ போயிட்டா, சேதி எங்க ஆத்தாளுக்குல்ல போகும்? நான் உசுரோட இருக்கையில அவ மாரடிச்சு அழணுமா? உன்னைப் பெத்தவ நீ வருவன்னு வாசலப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா?"

அவன் கையிலிருந்த பொடியை வேட்டியில் துடைத்தான். பிறகு தரையைப் பார்த்தபடி, "பெத்தவ இல்ல. அக்கா இருக்கு, கோவில்பட்டியில" என்றான்.

போர்மேன் அவனை ஓங்கி ஓர் அறை விட்டார். ஆனால் விரட்டவில்லை. தீபாவளி சீசன், கை பழகிய ஆளை விட அவருக்கு மனமில்லை. "இருந்தது ஒரே எடம், உனக்கு இங்கன எடமில்லலே" என்றார் என்னிடம்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. பேரை மாத்துங்க."

பதிவேட்டில் என் பெயரை அடித்துவிட்டு, அவன் பெயரையும் அக்காவின் ஊரையும் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்பினேன்.

மறு வருடம் அந்த அறையில் தீப்பிடித்ததாகக் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகமும் கையும் வெந்து, தலைமுடி கருகிக் கிடந்தான். ஒரு பெண் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருடா இவுக?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அவன் என் பெயரைச் சொன்னான். இந்த முறை என்னைக் காட்டிச் சொன்னான்.

அதன் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. எங்கே போனாலும், கூலி என்ன என்று கேட்கும் முன், என் பெயரையும் ஊரையும் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்காமல் நான் உள்ளே கால் வைத்ததில்லை.