குடிக்காதவரின் தள்ளாட்டம்

மாரமங்கலம் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஜன்னல் இல்லாத ஷெட்டில் பீப்பாயிலிருந்து பெட்ரோல் எடுத்து வண்டிகளுக்கு ஊற்றுவதுதான் எட்டு வருடமாக என் கணவரின் வேலை. சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வருவார். தலைவலி, சோறு வேண்டாம் என்பார்.

"ஏனுங்க, குடிச்சீங்களா?"

"சாமி சத்தியமா இல்ல புள்ள."

நான் நம்பவில்லை. சாராய வாடையை மறைக்கச் சட்டையில் பெட்ரோலைத் தடவிக்கொள்கிறார் என்றே நினைத்தேன். தலையணைக்கு அடியில்கூட பாட்டில் தேடினேன்.

ஒரு மழைக்காலம் மலைப்பாதை சரிந்து பத்து நாள் பெட்ரோல் வரவில்லை. சும்மா இருப்பவர் இன்னும் குடிப்பார் என்று கண்காணித்தேன். அவரோ நேராக நடந்தார், மறுசோறு கேட்டார். என் சந்தேகம் ஷெட்டின் பக்கம் திரும்பியது.

பெட்ரோல் வந்த அன்று சொல்லாமல் அங்கே போனேன். பீப்பாயிலிருந்து பெட்ரோலை இறக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற எனக்கே தலை சுற்றியது.

"நொம்ப வருஷமா இந்த ஆவிய இழுத்து நரம்பு கெட்டிருக்குதுங்க" என்றார் நான் கூட்டிப்போன டாக்டர்.

கணக்கு வழக்கு பார்க்கும் எஸ்டேட் ரைட்டரிடம் மல்லுக்கு நின்று கை பம்பு வாங்க வைத்தேன். ஷெட் கதவு இப்போது திறந்தே இருக்கிறது. கை நடுக்கம் மட்டும் போகவில்லை. அதைப் பார்த்து யாராவது "குடியா?" என்றால் நான்தான் சண்டைக்குப் போகிறேன். முதலில் அப்படிக் கேட்டவளும் நான்தானே.