அண்ணிக்கென்று ஒரு டிரம்

"தம்பி, மாடியில செருப்போட நடக்காதீங்க! அது கூரை இல்ல, குடத்தோட வாய்!"

கீழ்வீட்டு வேன் அண்ணன் வாசலில் நின்று அண்ணாந்து கத்துகிறார். வானம் ஒரு ஓரமாகக் கறுத்தால் போதும், இந்தச் சத்தம் வந்துவிடும். பின்னாலேயே விளக்குமாறும் படியேறி வரும். மொட்டை மாடியைத் தன் வேனைவிடச் சுத்தமாகக் கூட்டுவார். மாடிவீட்டில் குடியிருப்பது நான்தான். என் தலைக்கு மேலே விழுகிற மழை மட்டும் அவருடையது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சொட்டைத் தலை, பெரிய குரல், வேனுக்குள் மட்டும் சின்னக் குரல். சாயங்காலம் கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டிரம்மைத் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

பழச்சாறு கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட நீல நிற பிளாஸ்டிக் டிரம் அது. வாயில் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டியிருக்கிறார். மாடியிலிருந்து இறங்கும் பைப்பைக் கையால் திருப்பலாம். மழை பிடித்ததும் அது செடிப் பக்கம் இருக்கும். கொஞ்சம் பெய்த பிறகுதான் டிரம் பக்கம். "முதல்ல வர்றது காக்கா எச்சத்தக் கழுவ. அதுக்கப்புறம் வர்றதுதான் தண்ணி." ஆரம்பத்தில் டிரம்மைத் தரையிலேயே வைத்து, அடியில் குழாயைப் பொருத்திவிட்டு, வாளி நுழையாமல் திருதிருவென்று விழித்தார். பிறகு செங்கல் அடுக்கி ஏற்றினார். வாளி தாராளமாக நுழைந்தது. மறுநாள் பார்த்தால் மேடை இன்னும் உயர்ந்திருந்தது.

"வாளிக்கு அதுவே போதுமே, அண்ணே?"

"வாளிக்குப் போதும். அவளுக்கு முட்டி வலி, குனிய முடியாது. ஸ்டூல் போட்டு உக்காந்தான்னா தலை இங்க வரும்." உள்ளங்கையைக் காற்றில் ஓரிடத்தில் வைத்துக் காட்டினார். அங்குலம் பிசகாது என்பது போல இருந்தது.

'அவள்' என்றால் அண்ணி. மகளின் பிரசவத்துக்கு உதவியாக வெளிநாடு போனவர். ஆறு மாதம் என்று சொல்லிப் போனார். இப்போது இரண்டாவது பேரனும் நடக்க ஆரம்பித்துவிட்டான். இங்கே இருந்தவரை எங்கள் போர்த் தண்ணீரோடு அவருக்குத் தீராத வழக்கு. அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, முடி நாராகிவிடும். அண்ணிக்கோ இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. மழை வந்தால் வீட்டிலிருக்கும் அண்டா குண்டாவையெல்லாம் வாசலில் பரப்பிவிடுவார்.

"வானத்துக்கிட்டயே கையேந்துறியே, வெக்கமா இல்ல?" என்பார் அண்ணன்.

"ஒரு டிரம் வச்சுக் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? அதுக்கு வக்கில்ல, பேச்சப் பாரு."

மறுநாள் அந்தத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு, மாடியில் முடியை விரித்து உலர்த்துவார். அன்றைக்கென்று பார்த்து அண்ணனுக்குத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை வந்துவிடும். சற்று முன்தான் மோட்டார் போட்டுத் தொட்டி வழிந்திருக்கும். இருந்தாலும் மூடியைத் திறந்து ஆற அமரப் பார்ப்பார், கண் மட்டும் தொட்டிக்குள் இருக்காது.

அண்ணி போன பிறகுதான் டிரம் வந்தது. அதிலிருந்து ஒரு சொம்பு எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. சட்டை துவைக்க ஒரு வாளி கேட்டுப் பார்த்தேன். "சட்டைக்கு போர்த் தண்ணி போதும் தம்பி. இது தலைக்கு." தன் சொட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். தண்ணீர் பழசானால் செடிகளுக்கு விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். டிரம் விஷயத்தை அண்ணியிடம் மூச்சு விடவில்லை. "வந்து பாக்கட்டும்" என்பார்.

அடுத்த மாதம் அண்ணி வருவதாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, சொட்டிக்கொண்டிருந்த டிரம் குழாய்க்கு வாஷர் மாற்ற என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். வேலை முடிந்து, அண்ணிக்காக வாங்கிவைத்திருந்த ஸ்டூலை வராந்தாவில் போட்டு அவர் உட்கார்ந்தபோது போன் அடித்தது. திரையில் அண்ணி. காதோடு ஒட்ட முடியை வெட்டியிருந்தார்.

"என்னங்க, அடையாளம் தெரியுதா? இந்த ஊர் தண்ணி ஒத்துக்கல, கொத்துக் கொத்தாக் கொட்டுச்சு. அதான் வெட்டிட்டேன். நல்லா இல்லையா?"

அண்ணன் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "நல்லாத்தான் இருக்கு. சின்னப் பொண்ணு மாதிரி இருக்க."

"டிக்கெட்டும் தள்ளிப் போகுதுங்க. சின்னவன விட்டுட்டு எப்படி வர்றது? கோச்சுக்காதீங்க."

"கோவம் என்ன... இருந்துட்டு வா."

வெளியே தூறல் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கனத்தது. பைப் செடிப் பக்கமே கொட்டிக்கொண்டிருந்தது. "அண்ணே, மழை" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அங்க மழையா? சத்தம் கேக்குதே!" அண்ணியின் குரலில் அத்தனை ஆசை. "எப்படிப் பெய்யுது பாருங்க. நான் அங்க இல்லையே..."

அண்ணன் விரலைத் திரைமேல் வைத்தார். அண்ணியின் வகிட்டிலிருந்து மெதுவாக இறக்கினார். காதருகே முடி முடிந்துவிட்டது. விரல் நிற்கவில்லை, போனின் விளிம்பைத் தாண்டி, வெறும் காற்றில், இடுப்பு வரைக்கும் இறங்கிக்கொண்டே போனது.