ரயில்வே கேட்டில் கோடு போட்ட நாட்கள்

போன வாரம் மாணவன் ஒருவன் தன் ஆய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். பஸ் நிறுத்தத்தில் மனிதர்கள் எப்படி வரிசையில் நிற்கிறார்கள், எப்போது முண்டுகிறார்கள் என்று பார்த்துப் பதிகிற ஆய்வு. நன்றாகத்தான் எழுதியிருந்தான். மூன்றாம் பக்கத்தில், ‘பார்ப்பவர் யார் கண்ணிலும் படாத இடத்தில் இருப்பார், எதிலும் தலையிட மாட்டார்’ என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்கு மீன் வாடை அடித்தது. சிரிக்காதீர்கள். ஏசி போட்ட அறையில், காகிதத்திலிருந்து, மீன் சுமக்கிற ஈர அன்னக்கூடையின் வாடை.

“அங்க யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணுவ?” என்று கேட்டேன்.

“நோட் பண்ணிக்குவேன் மேம்.”

பாவம், பாடப்படி சரியான பதில். அவன் வயதில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு பேராசிரியையிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு ரயில்வே கேட். கேட் மூடியிருக்கும்போது எத்தனை பேர் காத்து நிற்கிறார்கள், எத்தனை பேர் கம்பிக்குக் கீழே குனிந்து தண்டவாளத்தைக் கடக்கிறார்கள், ஒருவர் குனிந்தால் அவரைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் குனிகிறார்கள் என்று பதிய வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? ‘குனிதல்’ என்றால் என்ன என்று முடிவு செய்யவே எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. தலையை மட்டும் உள்ளே விட்டு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் சேர்த்தியா? சைக்கிளைச் சாய்த்து இழுத்துப் போகிறவரின் தோளில் குழந்தை இருந்தால் அது ஒன்றா, இரண்டா? உடல் முழுக்கக் கம்பியைத் தாண்டும் அந்த நொடியில் ஒரு கோடு போட வேண்டும் என்று கடைசியில் விதி எழுதினோம். நானும் கூட வேலை பார்த்த சுமதியும் சில நாள் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் கோடு போடுவோம். பிறகு ஒப்பிடுவோம். இரண்டு பேர் கண்ணுக்கும் ஒன்றே தெரிந்தால்தான் அது நம்பத்தக்கது. ஒருமுறை நான் ஓர் ஆட்டுக்கும் கோடு போட்டுவிட்டேன். அதற்கு அரைநாள் சண்டை.

கேட்டை ஒட்டி ஒரு பங்க்சர் கடை. அதன் வாசலில் கிடந்த பெஞ்சுதான் என் இடம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில் பரீட்சை அட்டை, காதில் ஒரு பென்சில். யாருக்கும் தெரியாமல் கவனிக்கிறேன் என்று எனக்கு நினைப்பு. இரண்டே நாளில் அந்தத் தெருவுக்கே என்னைத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள், தலையில் அன்னக்கூடையோடு மீன் விற்கிற அம்மாள் ஒருவர் எதிரில் வந்து நின்றார். தனக்கோட்டி என்று பெயர். நாற்பது வயதிருக்கும்.

“இன்னா பாப்பா, டெய்லி இங்க குந்திகினு இன்னாத்த எழுதிகினு கீற? எங்க வூட்ட இடிக்கப் போறாங்களா?”

“அதெல்லாம் இல்லக்கா. படிப்பு சம்பந்தமா. கேட்டுக்கு அடியில எத்தனை பேர் பூந்து போறாங்கன்னு கோடு போடறேன்.”

“அப்ப நான் போனதும் அதுல கீதா?”

“பேரெல்லாம் இல்லக்கா. வெறும் கோடுதான்.”

“அய்ய! இம்மாம் பெரிய பொம்பள ஒனக்கு ஒரு கோடா?” என்று சிரித்தார். கூடையை இறக்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “தோ பாரு, நீ இங்க கீற வரைக்கும் நான் குனிய மாட்டேன். எப்டி கோடு போடுறேன்னு பாக்கறேன்.”

சொன்னபடியே செய்தார். தினமும் கேட் திறக்கும்வரை என்னோடு உட்கார்ந்திருப்பார். பத்தாவது படிக்கிற மகள் நித்யாவுக்குக் கணக்கு வராது என்பார். காசிமேட்டில் அன்று என்ன மீன் வந்தது என்பார். என் புடவையில் மீன் வாடை ஏற ஆரம்பித்தது. அவர் உட்காருவதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். “அந்தப் பொண்ணு எழுதிகினு கீதுடா, இருடா” என்று ஒருவர் தன் தோஸ்தை இழுத்துப் பிடித்ததை நானே கேட்டேன். கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பேராசிரியை தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நீ கேட்டை ஆராயலம்மா. நீ அங்க உட்கார்ந்திருக்கறதத்தான் ஆராய்ஞ்சிருக்கே. எல்லாத்தயும் எடுத்து வச்சிட்டு, உன்னை யாரும் பார்க்காத இடமா பாரு. புதுசா ஆரம்பி.”

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. இன்றும் வகுப்பில் நான் அதைத்தான் சொல்லித்தருகிறேன். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் மாறுவார். மாறினால் ஆய்வு கெடும்.

எதிர்ச்சாரியில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடம் பிடித்தோம். முதல் நாள் தனக்கோட்டி வந்து காலிப் பெஞ்சைப் பார்த்தார். பங்க்சர் கடைக்காரரிடம் ஏதோ கேட்டார். கேட் திறக்கும்வரை நின்றுதான் போனார். மறுநாளும் நின்றார். நாலாம் நாள் பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்தார். நான் கோடு போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முறை சரியாகிவிட்டது என்ற சந்தோஷம்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை. சுமதியும் கூட இருந்தாள். ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி தாண்டியதும் தனக்கோட்டி குனிந்தார். கூட்ஸ் வண்டி மறைத்திருந்த அடுத்த தண்டவாளத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் வந்துகொண்டிருந்தது. கீழே இருந்த அவருக்கு அது தெரிய வழியில்லை. மாடியிலிருந்த எங்களுக்குத் தெரிந்தது.

நான் எழுந்து “அக்கா” என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன் என்றுதான் எனக்கு நினைவு. சுமதி இல்லை என்கிறாள். “நீ கத்தவே இல்லடி. எழுந்துகூட நிக்கல. நானும் கத்தல. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தோம்.” பல வருடம் கழித்து, அவள் மகனின் பிறந்தநாள் விழாவில் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். ஒரே இடம், ஒரே நொடி, பயிற்சி பெற்ற இரண்டு பேர். இதில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவே இல்லை. ஆனால் அன்றே தாளைப் பார்த்தேன். இரண்டு தாளிலும் அந்தக் கோடு இருந்தது.

பேராசிரியை இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு, “அந்த நாளை எடுத்துடு” என்றார். எடுத்தேன். அறிக்கை வெளிவந்தது. கவனிப்பவர் மறைந்திருந்த விதம் கச்சிதம் என்று மதிப்பிட்டவர் ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார்.

தனக்கோட்டியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கூரை வீடு. நித்யா என்னை அதுவரை பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

“கோடு போடுற அக்காவா நீங்க? அம்மா ஒங்களப் பத்தியே பேசிகினு இருக்கும்.” ஒரு பாயை எடுத்து விரித்தாள். “அன்னிக்கி நீங்க வரலியாமே அக்கா? வந்து குந்தி இருந்தா அது நின்னு இருக்கும்.”

அவள் குறை சொல்லவில்லை. யாரோ சொன்னதைச் சரிபார்க்கக் கேட்டாள், அவ்வளவுதான்.

“ஆமாம்மா,” என்றேன். “அன்னிக்கு நான் வரல.”

அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். துணிந்து போனபோது எட்டு வருடம் ஓடிவிட்டிருந்தது. அந்த வரிசை வீடுகள் இல்லை. எர்ணாவூர்ப் பக்கம் அடுக்குமாடிகளில் இடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். அங்கேயும் போய் மாடி மாடியாக ஏறி விசாரித்தேன். குடத்தோடு நின்ற ஒரு பெண், “எந்த நித்தியாம்மா? பிளாக்குக்கு நாலு நித்தியா கீது” என்றாள். அவளுக்குத் தெரிந்த நான்கு பேரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நால்வரும் வேறு யாரோ.

இப்போது அந்தக் கேட்டும் இல்லை. மேம்பாலம் வந்துவிட்டது. பங்க்சர் கடை இருந்த இடத்தில் பாலத்தின் தூண் நிற்கிறது. இரண்டு மாடிக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். தண்டவாளத்தின் இருபுறமும் சுவர் எழுப்பியாயிற்று. இனி யாரும் நின்று காத்திருக்கத் தேவையில்லை. பஸ் அரை நிமிடத்தில் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது. போகும்போதெல்லாம் என் பக்கத்து இருக்கைப் பெண்ணின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். நித்யாவுக்கு இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும்.