லின்சியின் கட்டைவிரல்

லின்சி கிரெஸ்வெல்லிடம் கிடார் விஷயமாகக் கேட்கப் போகிறவர்களுக்கு நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: அந்த ஆள் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிடாரைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார். அதுதான் உங்களுக்கு உதவும்.

ஊர்க்காரர்கள் கூடிக் கைவேலை செய்கிற எங்கள் ஷெட் பர்னி என்ற துறைமுக ஊரில், ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால், துறைமுகத்து மரச்சில்லு மலையைப் பார்த்தபடி இருக்கிறது. வாசல் பலகையில் 'ஆண்கள் ஷெட்' என்று எழுதியிருக்கும். நான் ஏழு வருடமாக உறுப்பினர். பெயர் நரெல். மீன் ஆலையில் முப்பது வருடம் கத்தி பிடித்தவள், பேஸ் கிடார் வாசிப்பேன், வாய் கொஞ்சம் நீளம். செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதுக்கெல்லாம் லின்சியோடு சேர்த்துப் பதினாறு பேர் வந்துவிடுவோம். அத்தனை பேரும் எலெக்ட்ரிக் கிடார் பைத்தியங்கள். கடையில் முழுசாக வாங்கினால் பாவம் என்பதுபோல, தாங்களே மரம் அறுத்து, கழுத்தைப் பொருத்தி, உள்ளே ஒயர் பற்றவைத்து, உருப்படாமல் போனால் மறுபடி பிரித்து, இப்படியே ஆயுள் ஓடுகிறது.

லின்சி காகித ஆலையில் மெஷின் ஃபிட்டர். ஆலையை மூடி அனுப்பியபோது ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள், மனைவி மோரினுக்கு அவள் அம்மா கொடுத்த அலமாரியின் கதவைக் கழற்றி, அறுத்து, தன் முதல் கிடாரைச் செய்தார். அவளைக் கேட்கவெல்லாம் இல்லை. நல்ல பிளாக்வுட் மரம், வீணாக நின்றுகொண்டிருந்ததாம். மோரின் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு, "சரி, எதையாவது வாசிச்சுக் காட்டு," என்றாள். லின்சிக்கு வாசிக்கத் தெரியாது. இன்றுவரை தெரியாது. நாற்பது கிடார் செய்துவிட்டார்.

அவருடைய உபதேசங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "துளை போடறதுக்கு முன்னாடி மூணு தடவ அள. அப்புறம் போய் டீ குடி. குடிச்சிட்டு வந்து திரும்ப அள." "ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தாத. பிக்கப்ப, அதான் சத்தத்தப் பிடிக்கற காந்தத்த, மாத்து, ரெண்டு வாரம் வாசி. எல்லாத்தையும் மாத்திட்டு சத்தம் சரியில்லன்னு வந்து நின்னா, எது கெட்டுதுன்னு நான் யாரப் போய்க் கேக்கறது?" புதிதாக வருகிறவன் ஒவ்வொருவனும் பேயடித்த முகத்தோடு ஒரே கேள்வியைக் கேட்பான்: ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்பில் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைகிறது, தந்தியில் கை வைத்தால் அடங்குகிறது, எங்கே பழுது? லின்சி நிமிராமலே சொல்வார்: "பழுதில்ல. தந்தி எர்த்தோட சேர்ந்திருக்கு, நீ தொட்டா நீயும் சேர்ந்துக்கற. தொட்டா அடங்கணும். தொட்டும் அடங்கலன்னா அப்ப வா."

அந்தக் கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் இருக்கின்றனவே, அவற்றின் முனைகள் இரண்டு ஓரத்திலும் மரத்தோடு மரமாக வழவழவென்று இருக்க வேண்டும். கொஞ்சம் துருத்தினாலும் வாசிக்கிறவன் கையைக் கீறிவிடும். எங்கள் ஷெட்டிலிருந்து எந்தக் கிடாரும் லின்சியின் கட்டைவிரல் ஓடாமல் வெளியே போனதில்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், ஒரு தடவை. எங்கேயாவது நின்றால் அரம் எடுப்பார். ஓடிவிட்டால், "பட்டு," என்பார். அவ்வளவுதான், கிடார் பாஸ்.

பஸ் ஓட்டுகிற டாரில் என்பவன் மட்டும் பெண்டாட்டியின் பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்றைச் சுருட்டி எடுத்துவருவான். அதைக் கழுத்தோரம் இழுத்தால், துருத்திய முனையில் மாட்டிக்கொள்ளும். லின்சி அவனைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"ஏன்டா, கால்ல போடறதக் கொண்டாந்து கழுத்துல போடறியே, உம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் உங்க விரல் கிடைக்குமாண்ணே?"

"கிடைக்காது," என்பார் லின்சி. பெருமையாகத்தான் சொல்வார்.

மோரின் போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் இறந்தாள். சூப்பர்மார்க்கெட் வாசலில், கார் டிக்கியில் பைகளை வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அடக்கம் முடிந்து ஹாலில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, லின்சி சாஸேஜ் ரோல் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். "சூடாயிருக்கு, எடுத்துக்கோங்க," என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஷெட்டில் இருந்தார். ஆறு மாதம் கழித்து அவருக்கே குடலில் கட்டி. வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள். வராத செவ்வாய்களுக்கெல்லாம் அவர் சொன்ன காரணம், "ஒரு வேலை இருந்துச்சு." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இந்த ஜூலையில் ஒருநாள் நான் அவர் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் இருந்தேன். அவர் அரம் போட்டுக்கொண்டிருந்தார். கிடார் கழுத்தில் ஒட்டியிருந்த வெள்ளை டேப் முழுக்க ரத்தம்.

"யோவ் லின்சி! கை!"

அவர் குனிந்து பார்த்தார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி. பிறகு கந்தலைச் சுற்றிக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். மருந்து முடிந்து எட்டு மாதம். அந்த மருந்தால் பத்து விரலிலும் நுனி செத்துக் கிடக்கிறது. உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்களாம்.

"அப்ப கட்டைவிரல்?"

அவர் கந்தலை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"எட்டு மாசமா பட்டு, பட்டுன்னு சொல்லிட்டு இருக்கியே! எத வச்சுய்யா சொல்ற?"

"கண்ணால பாக்கறேன். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஓரளவு தெரியுது." பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "யார்ட்டயும் சொல்லிடாத நரெல். இதுவும் போச்சுன்னா செவ்வாய்க்கிழமை நான் எங்க போவேன்?"

நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவர் 'பட்டு' என்ற ஒவ்வொரு கிடாரையும், அவர் டீ எடுக்கப் போகும்போது என் விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டு மூன்று முனைகளைத் திருட்டுத்தனமாக நானே ராவிவிட்டேன். இப்படியே காலம் முழுக்க ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன், சொன்னால் வெட்கக்கேடு.

ஆகஸ்டில் ஒரு வாரம் லான்செஸ்டனில் என் தங்கை வீட்டுக்குப் போனேன். அந்த வாரம்தான் டாரில் தன் கிடாரை முடித்திருக்கிறான். ஷெட்டில் பகலெல்லாம் விறகு அடுப்பு எரிந்தது. எங்கள் ஊரில் ஆகஸ்ட் குளிர்காலம்தான்; அந்தச் சூட்டுக்கு மரம் காய்ந்து சுருங்கும், கம்பி சுருங்காது, முனை வெளியே தள்ளும். லின்சிதான் எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர். அவரே கட்டைவிரலை ஓட்டி, "பட்டு," என்றிருக்கிறார். அவர் சொன்ன பிறகு ஸ்டாக்கிங் எதற்கு என்று டாரிலும் அதை எடுக்கவில்லை.

அடுத்த செவ்வாய் டாரில் கையில் கட்டோடு வந்தான். சனிக்கிழமை கிளப்பில் வாசித்தபோது, இரண்டாவது பாட்டிலேயே துருத்திய முனை ஆள்காட்டி விரலின் அடியை நீளமாகக் கிழித்துவிட்டது. அவனுக்குக் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அடுப்புச் சூடு பண்ண வேலைண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க," என்றான். மற்றவர்களும் ஆமாம், ஆமாம், இந்த வருடம் காற்றே காய்ந்துதான் கிடக்கிறது என்றார்கள்.

"கொண்டா," என்றார் லின்சி.

கிடாரை மடியில் சாய்த்துக் கட்டைவிரலை ஓட்டினார். மேலிருந்து கீழ். கீழிருந்து மேல். டாரிலின் காய்ந்த ரத்தம் இன்னும் ஒட்டியிருந்த முனைமேலேயே விரல் போய்வந்தது. நிற்கவில்லை.

"எங்க?" என்றார்.

டாரில் மெல்ல அவர் விரலைப் பிடித்து அந்த முனைமேல் வைத்து அழுத்தினான். "இங்கண்ணே."

"தெரியல," என்றார் லின்சி.

அரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். தன் டீக் குவளையைக் கழுவி, அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே எல்லாரிடமும் உண்மையைச் சொன்னேன். தப்பு என்மேல்தான். ஜூலையிலேயே வாயைத் திறந்திருந்தால் அந்த மனுஷன் பதினைந்து பேர் முன்னால் அப்படிச் சிறுத்துப்போயிருக்க மாட்டார்.

மூன்று வாரம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நான்காவது திங்கள்கிழமை என் பேஸைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஒரு பக்கம் கதவில்லாத அந்த அலமாரி அப்படியே நின்றது. அவர் டீ போட்டுக்கொண்டுவந்தார். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய கோப்பையை, பிடி இருந்தும், அதன் சுவரையே விரல்களால் சுற்றிப் பிடித்திருந்தார்.

"கீழ வைய்யா, கை வெந்துடும்!"

"வெந்தா வேகட்டும்," என்றார், வைத்தார். "மோரின் போனப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. அழுகை வரும், வரும்னு பாத்தேன். வரல. நல்ல மனுஷனா இருந்தா வந்திருக்கும்ல? அப்புறம் விரல் போச்சு. சரி, உள்ளயும் வெளியயும் ஒண்ணாயிடுச்சு, வித்தியாசம் ஒண்ணுமில்லன்னு இருந்துச்சு."

நான் பேஸை உறையிலிருந்து எடுத்தேன். "என் பேஸ் இரையுது, பாரேன்," என்று மட்டும் சொன்னேன். உண்மையில் அது வழக்கமான இரைச்சல்தான்.

பழக்கத்தில் வாங்கி, மூலையிலிருந்த சின்ன ஆம்ப்பில் செருகினார். ம்ம்ம் என்றது. தந்திகள்மேல் உள்ளங்கை படாமல் விரல் நுனிகளை மட்டும் வைத்தார். அடங்கியது. எடுத்தார். ம்ம்ம். வைத்தார். அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்தார். நான் டீயை முழுசாகக் குடித்து முடிக்கும்வரை செய்தார்.

"தொடறது எனக்குத் தெரியல நரெல்," என்றார். "அதுக்குத் தெரியுது."

"பழுதில்லையே?"

"இல்ல. தொட்டா அடங்குது."

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வந்தார். குவளையை மாடத்தில் இருந்த பழைய இடத்தில் வைத்தார். டாரிலிடம் போய், "அந்தக் கழுத்தக் கொண்டா," என்றார். கோட்டுப் பையிலிருந்து பழுப்பு நிற ஸ்டாக்கிங் ஒன்றை எடுத்தார். பாதம் இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் வீட்டில் பெண்கள் யாரும் இப்போது இல்லை. அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. டாரில் பதில் கிண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் விழுங்கிக்கொண்டான்.

லின்சி அதைக் கையில் சுருட்டி, கழுத்தோரமாக இழுத்தார். ஏழாவது கம்பியில் மாட்டியது. எல்லோருக்கும் கேட்டது.

"இங்க," என்றார்.

விடுவிக்கிறேன் என்று இழுத்தபோது ஓர் இழை பிடிபட்டு, குதிகாலிலிருந்து மேலே வரை சர்ரென்று கிழிந்து ஓடியது. லின்சி அந்தக் கிழிசலைப் பார்த்தபடி நின்றார்.

"நல்லதக் கிழிச்சுட்டேன்," என்றார். "மோரின் திட்டுவா. கேக்காம எடுத்தேன்னு திட்டுவா."

சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டாக்கிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்து அழுகையை எங்கள் பதினைந்து பேர் முன்னால் அழுதார். நான் பக்கத்தில் போய் நின்றேன். டாரில் எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டான்.