பலகையில் எழுதிய விலை

என் கணவர் வளைகுடாவிலிருந்து கடலூருக்கு வந்து இறங்கியது 2011 ஆடி மாதத்தில். மகளுக்கு அப்போது நாலு வயது. அவள் பிறந்த பிறகு அவர் ஒரே ஒரு முறைதான் வந்துபோயிருந்தார். மற்றபடி அவளுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை வரும் போன். வாசலில் அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று, "சாப்பிட்டீங்களா? அங்க வெயிலா? சரி, வச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி மரியாதையாகத்தான் பேசியிருந்தாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். சாயங்காலம் என்னிடம், "இனிமே போவல" என்றார்.

போகாமல் இருக்க முடியுமா என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. விடுப்பில் வந்தவர் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துவிடும். தை முடிவதற்குள் இங்கே ஒரு தொழில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் விமானம் ஏற வேண்டும்.

அவர் எலக்ட்ரீஷியன். சேமித்ததைப் போட்டு ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கினார். மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்டுகொண்டிருந்த காலம் அது. கடைத்தெருவில் சில கடைகளுக்கு ஒயர் இழுத்து, கரண்ட் போகும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு லைட்டும் ஃபேனும் ஓடும்படி செய்தார். அரசாங்கத்தால் கொடுக்க முடியாததை நாம் கொடுக்கிறோம், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது அவர் பேச்சு. எனக்கு வெட்கம் இல்லை, பயம்தான். மின்சாரம் போகாத நாளில் ஃபேன் சுற்றுவதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரே சபிக்கிற ஒன்றை நான் மட்டும் சமையலறையில் நின்று வேண்டிக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் இருந்த என் அப்பா குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். ஊரார் இருட்டில் உட்கார்ந்தால்தான் உனக்குச் சோறு என்றால் அது என்ன தொழில் என்று போனில் கேட்பார். நான் போனை மகளிடம் கொடுத்துவிடுவேன். அவர் கேட்டது சரிதானோ என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பேன்.

ஆனாலும் தொழில் காலூன்றி நின்றுவிட்டது. மார்கழி பிறந்தபோது, விசா போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்கு அவருக்குத் தைரியம் வந்திருந்தது. மகளும் அவரை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

வருஷக் கடைசியில் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் நேராக நின்ற மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். விளக்கில்லாமல் இருந்துவிடலாம். மோட்டார் ஓடாமல் மாடித் தொட்டிகள் காலியானபோதுதான் மனிதர்களுக்கு முகம் மாறியது. நகராட்சி லாரி வந்தால் குடங்களோடு அடிதடி. என் மகளின் துணியைத் துவைக்கத் தண்ணீரில்லாமல் ஒரு மூலையில் குவித்துவைத்திருந்தேன்.

அவர் ஜெனரேட்டரை குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றினார். வீடு வீடாகப் போய் அந்த வீட்டு மோட்டாருக்கு ஒயரைக் கொடுத்து, தொட்டி நிரம்பும்வரை ஓட்டுவது. கடலூரில் பெட்ரோல் பங்க் எதுவும் இயங்கவில்லை. புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் போய், விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, கேன்களில் டீசல் கொண்டுவந்தார். முதல் நாள் முழுக்க வாய்த்தகராறு. அந்த வீட்டில் எவ்வளவு வாங்கினாய், இங்கே ஏன் கூட என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார்கள். அவர் குரல் கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார்.

நான்தான் யோசனை சொன்னேன். விலையை ஒரு பலகையில் எழுதி வண்டியிலேயே மாட்டிவிடலாம், எல்லாருக்கும் ஒரே விலை, யாரும் பேச வேண்டியதில்லை. அவர் வேலை பார்த்த ஊரில் டீக்கடையில்கூட அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். படித்தவள் என்ற நினைப்பு எனக்கு. வாசல் கேட்டுக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சை பெயின்டில் நானே எழுதினேன். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பாதி விலை என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன்.

அந்த ஒரு வரியால் தெருவில் கைக்குழந்தைகள் பெருகின. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரே குழந்தையை மூன்று வாசலில் மூன்று பெண்கள் இடுப்பில் வைத்திருந்ததாக அவர் வந்து சொன்னார். நாலாவது வாசலில் அது தானாகவே அவரைப் பார்த்துச் சிரித்ததாம். புயலுக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னொருவரும் ஜெனரேட்டர் வைத்திருந்தார், கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். அவர் பலகை எதுவும் மாட்டவில்லை. தொட்டி நிரம்பியதும் தலையைச் சொறிந்துகொண்டு, "பாத்துக் குடுங்க சார்" என்பார். கொடுத்ததை எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். இன்னும் கொஞ்சம் கைக்கு வரும். எங்கள் விலையைவிட அது அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். முக்கியமானவர்கள் வீட்டுத் தொட்டிகளை அவர் சும்மா நிரப்பிக்கொடுத்தார். ஆபத்துக்கு உதவிய மகராசன் என்று அவருக்குப் பெயர். எங்களுக்குப் பெயர் 'துபாய்க் கொள்ளை'. வாயால் கேட்டு வாங்கினால் அது உதவி, எழுதிவைத்து வாங்கினால் கொள்ளை. இது எனக்குப் புரிந்தபோது பெயின்ட் காய்ந்துவிட்டிருந்தது.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். மகன்கள் இருவரும் அமெரிக்காவில். அதை அவர் சொல்லாத நாள் கிடையாது. எங்கள் வண்டி தினமும் முதலில் நிரப்பியது அவர் வீட்டுத் தொட்டியைத்தான், வயதானவர் என்று. ஒரு நாள் தொட்டி வழிந்து சுவரில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டருகில் வந்து, பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு செல்போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"தண்ணிக்கு வெல போடறியே தம்பி, இது துபாய் இல்ல."

"தண்ணி ஒங்க போர்ல வருது சார். நான் வெல போட்டது டீசலுக்கும் என் வேலைக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கே. உன் வாத்தியாரு யாரு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கள் வீட்டுத் தொட்டியை நிரப்ப அவர்கள் காத்திருந்தது எங்கள் வண்டிக்காகத்தான்.

மறுநாள் காலையில் தாலுகா அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி போலீஸ்காரரோடு வந்தார். புகார் வந்திருப்பதாகவும், நிவாரண வேலைக்கு ஜெனரேட்டர் தேவைப்படுவதாகவும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டில் எதற்காக எடுத்துப்போகிறார்கள் என்று என் கணவர் கேட்டார். இந்த இக்கட்டில் ஊரைச் சுரண்டுகிறவன் கேள்வி வேறு கேட்கிறாயா என்றார் அதிகாரி. ஆதாரம் எங்கே என்று கேட்கவே முடியவில்லை. வண்டியின் பக்கவாட்டில், என் கையெழுத்தில், குண்டு குண்டாக இருந்தது. கல்யாண ஜெனரேட்டர்காரர் வாங்கியதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. அன்றும் அவர் வண்டி அடுத்த தெருவில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எங்கள் ஜெனரேட்டரை அவர்கள் கொண்டுபோவதை எதிர்வீட்டு சார் திண்டு வைத்த நாற்காலியைக் கேட்டருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

சில நாள் கழித்து மகளைத் தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு நானே போனேன். படித்தவள் போய்ப் பேசினால் கேட்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஜெனரேட்டர் பின்பக்கம் மரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் உள்ளே போனது. உள்ளே இரண்டு ஃபேனும், மேஜை நிறைய சார்ஜில் போட்ட செல்போன்களும் இருந்தன. தண்ணீர் ஏற்ற எதுவும் இல்லை. சத்தம் கரகரவென்று மாறியிருந்தது. ஆயில் பார்க்க வேண்டும் என்று என் கணவர் வீட்டில் சொல்லும் சத்தம் அது. உள்ளே இருந்தவரிடம் சொன்னேன்.

"ஏம்மா, இன்னா, மெக்கானிக்கா நீ?"

"இல்ல சார். ஆயில் இல்லாம ஓட்டுனா இன்ஜின் போயிடும் சார்."

"ஊருல ஆளுக்குக் கூரையே போயிருக்கு. இவுங்களுக்கு இன்ஜின் போயிடுமாம்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. நிவாரணத்துக்காக அங்கே வரிசையில் நின்றவர்கள் கூரை போனவர்கள்தான். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைக்குப் பசி என்று ஒரு காரணம் கிடைத்தது, வந்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் நின்று பேசியிருக்க வேண்டுமோ என்று பேருந்தில் ஆரம்பித்த யோசனை இன்றுவரை ஓயவில்லை.

பொங்கல் கழிந்து ஜெனரேட்டரைக் கொண்டுபோய்க்கொள்ளச் சொன்னார்கள். இன்ஜின் இறுகிப்போயிருந்தது. அவர் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தார், அசையவில்லை. யாரையும் திட்டவில்லை. பலகையைக் கழற்றி வெந்நீர் அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடிக்கும்வரை அங்கேயே குந்தியிருந்தார்.

செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் எதிர்வீட்டு சாரே வீட்டுக்கு வந்தார். உண்மையான கனிவோடுதான் பேசினார். வருத்தப்படாதே, உன் கைவேலைக்கு இந்த ஊர் லாயக்கில்லை, வெளியே போ, முன்னுக்கு வருவாய் என்றார். அவருடைய மகன்களை உதாரணம் காட்டினார். என் கணவர் தலையாட்டினார். நான் காப்பி கொடுத்தேன். பரங்கிப்பேட்டையிலிருந்து இங்கேவரை எத்தனை தெருக்களில் வெளிநாட்டுப் பணத்தில் மாடி எழும்பியிருக்கிறது, அந்த வீடுகளுக்கு எவ்வளவு மரியாதை! அதே மனிதன் அதே உழைப்பை இங்கே விற்றால், யாரிடம் பிடுங்கினான் என்று கேட்கிறார்கள். இதை நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சர்க்கரை போதுமா சார் என்று கேட்டேன்.

விசா முடிய இன்னும் நாள் இருந்தது. அதற்கு முன் சிதம்பரத்தில் என் பெற்றோரைப் பார்த்துவரப் போனோம். சாப்பாடு முடிந்து அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மகள் அவர் மடியில் தூங்கிவிட்டாள். கூடத்தில் வைத்து என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"இன்ஜின ரிப்பேர் பண்ணிக்கலாம். கடைக்காரங்க லைன் கேக்குறாங்க. நீ இன்னா சொல்ற?"

அப்பா பேப்பரைத் திருப்பவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. இன்னொரு புகார், இன்னொரு போலீஸ்காரர், தெருவில் நடக்கும்போது முதுகில் விழும் பேச்சு. அடுத்த வருஷம் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மாதாமாதம் வருகிற ஒன்று வேண்டும் என்று மனம் சொல்லிற்று. வேண்டாம், இங்கேயே இருங்கள் என்றும் அதே மனம்தான் சொல்லிற்று. ஒரு நல்ல மனைவி எதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன்.

"போயிட்டு வந்துருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கணக்குத் தீர்ந்த இடத்தில் மனிதர்கள் பார்ப்பார்களே, அப்படி. அப்பா, "அதான் சரி" என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். என் கணவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, டிக்கெட் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கீழவீதிப் பக்கம் நடந்தார். குழந்தையை எழுப்பி அவர் போவதைக் காட்டலாமா என்று நான் எழுந்தேன். தூங்குகிறவளை எதற்கு எழுப்ப வேண்டும் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.